மீனாட்சி என்று ஒருத்தி இல்லை

ஜெலுத்தோங், பினாங்கு
16.11.2025, ஞாயிறு

என்றும் மரியாதைக்குரிய யோகம் அக்காவுக்கு,

தம்பி யசோதரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ராகினியும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் இரண்டு முழங்கால்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன், என்னை உங்களுக்குத் தெரியும். ஐம்பத்தாறு வயதான உங்கள் தம்பி, துறைமுக அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன், சைவ சங்கத்தில் உபதலைவர் பதவிக்கு நின்று நாலு வோட்டு வாங்கியவன் (அதில் ஒன்று நானே போட்டது), கடந்த பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரண்டு கம்பிகளுக்கு நடுவே மூக்கை விட்டு, உள்ளே என்ன வேகிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தபோது கையும் மூக்குமாகப் பிடிபட்டேன்.

அந்தப் பக்கத்து வீடு வேறு யாருடையதும் இல்லை. உங்களுடையதுதான்.

இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வரி எழுதுவதற்குள் நீங்கள் போன் எடுத்துவிடுவீர்கள். கடிதத்தை நடுவில் நிறுத்தித் திட்ட முடியாது. அதனால்தான் ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறேன். உட்கார்ந்து படியுங்கள். பிரஷர் மாத்திரையைப் போட்டுவிட்டுப் படித்தால் இன்னும் நல்லது.

என்னைப் பிடித்தது உங்கள் வாடகைக்காரி. மீனாட்சியா என்று கேட்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. அக்கா, மீனாட்சி என்று ஒருத்தி இல்லை.

வங்கியில் வேலை, சுத்த சைவம், வெள்ளிக்கிழமை விரதம், கொஞ்சம் வயலினும் வாசிப்பாள் என்று பத்து மாதமாக உங்களுக்குச் சொல்லி வந்த மீனாட்சி எங்கள் வீட்டுத் தயாரிப்பு. வயலினைச் சேர்த்தது ராகினி. அது கொஞ்சம் அதிகம் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. உங்கள் வீட்டில் குடியிருப்பவள் பெயர் ஷாஹிரா. தமிழ் முஸ்லிம். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, ஷேக் அலாவுதீன் சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். கணவனுக்கு ஜொகூரில் தொழிற்சாலை வேலை, மாதம் ஒருமுறை வருவான். ஜன்னத் என்று ஐந்து வயதில் ஒரு மகள். இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட வேண்டாம். இன்னும் பல பக்கம் இருக்கிறது, தபால் செலவு வீணாகும்.

அவளுடைய ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் இருப்பாளா மாட்டாளா என்பது உங்கள் கையில் இருக்கிறது. இந்தக் கடிதமே அதற்காகத்தான். ஆனால் எடுத்த எடுப்பில் கேட்டால் மாட்டேன் என்பீர்கள், அதனால் கதையை ஒழுங்காகச் சொல்கிறேன்.

போன வருடம் உங்கள் வீடு ஏழு மாதம் காலியாகக் கிடந்தது நினைவிருக்கும். எங்கட ஆக்களுக்கு, அதாவது யாழ்ப்பாணத்துச் சைவ ஆட்களுக்கு, மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். சீன ஆசிரியர் வந்தார், வேண்டாம் என்றீர்கள். வங்கிக்காரப் பையன் ஒருவன் வந்தான், தாய் தகப்பன் தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்ததும் அவனும் வேண்டாம் என்றீர்கள். பூனை வைத்திருந்த தம்பதியைப் பூனைக்காகவே வேண்டாம் என்றீர்கள். பூனை சைவமில்லை என்பது உண்மைதான். நானும் ஒவ்வொருவரிடமும் சிரித்த முகத்தோடு, “வீட்ட ஏற்கெனவே குடுத்தாச்சு” என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பொய்களில் ஒன்றுகூட என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. பொய்யில் எனக்கு அப்போதே நல்ல பயிற்சி இருந்தது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

ஷாஹிரா வந்த அன்று நல்ல மழை. லிப்ட் வேறு வேலை செய்யவில்லை. ஒன்பது மாடி ஏறி, நனைந்த முக்காடும் கையில் குழந்தையுமாக வந்து நின்றாள். போனில் தமிழ் நன்றாகப் பேசியதால் நான் பெயரைக் கேட்காமல் வரச் சொல்லியிருந்தேன். வாசலில் பார்த்தவுடன் ‘ஏற்கெனவே குடுத்தாச்சு’ வாய் நுனிக்கு வந்துவிட்டது. அவள் அதை என் முகத்திலேயே படித்துவிட்டாள். “அண்ணே, நீங்க ஆறாவது வீடு. மத்தவங்க வீட்டுல போன்ல தமிழ்க் குரல் கேட்டதும் இந்தியருக்கு வாடகை இல்லைங்கறாங்க. தமிழாளுங்க வீட்டுல பேரக் கேட்டதும் நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தாங்கறாங்க. நான் யாரு ஆளுன்னு யாராச்சும் சொன்னா நல்லா இருக்கும்லா,” என்று சிரித்தாள். சிரிக்கிற நிலைமையில் இல்லாதவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது.

இதைக் கேட்டு என் மனம் உருகி வீட்டைக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. அந்த நேரம் பார்த்துக் குழந்தை, “தாத்தா, டாய்லெட் போகணும்” என்றது. என்னைத் தாத்தா என்று கூப்பிட்ட முதல் ஜீவன். கோபம் வந்தது, ஆனால் கதவைத் திறந்துவிட்டேன். குழந்தை போய்விட்டுச் சமர்த்தாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, “இது நல்ல வீடு” என்று சொன்னது. அதற்குப் பிறகு வீடு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் அக்கா. உங்கள் வீட்டின் தலைவிதியைத் தீர்மானித்தது ஒரு குழந்தையின் அவசரம்.

மறுநாள் அவளை உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லி ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். நீங்கள் எழுதிய பதினாலு நிபந்தனைகளை இதுவரை யாரும் படித்ததில்லை. நானே முழுதாகப் படித்ததில்லை. அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பதினோராவதில் விரல் நின்றது. குடியிருப்பவர் இறைச்சி, மீன், முட்டை சமைக்கவோ உள்ளே கொண்டுவரவோ கூடாது என்பது அது. நான், “சும்மா சைன் போடுங்கலா, இங்கிலாந்துல இருக்கிற அக்கா வந்தா சட்டியத் திறந்து பாக்கப் போறா?” என்றேன். (மன்னிக்கவும்.)

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “அண்ணே, உங்க அக்கா அவங்க நம்பிக்கைக்கு இத எழுதியிருக்காங்க. அதுல எனக்குக் கோவமில்ல. ஆனா கையெழுத்துப் போட்டுட்டு நான் மீன் பொரிச்சா, தொழ நிக்கிறப்ப அந்தக் கையெழுத்துத்தான் முன்னால வந்து நிக்கும். வீடு கெடைக்கலன்னா பரவால்ல, பொய்யா எழுதிக் குடுக்க மாட்டேன்” என்றாள். பிறகு அம்மாவின் சாமி மாடத்தைப் பார்த்து, “இத நான் வச்சுக்க முடியாது. கழட்டிப் போடவும் மனசு வரல. நீங்களே மரியாதையா உங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. ஆணி அடிச்ச எடத்துல நான் எதுவும் மாட்ட மாட்டேன்” என்றாள். பிள்ளையாரையும் முருகனையும் நான்தான் துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு செட் இருக்கிறது, பூ வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

பதினோராம் நிபந்தனையை நானே பேனாவால் அடித்தேன். அன்று இரவே உங்களுக்கு மீனாட்சியைப் பற்றி எழுதினேன். அவள் ஒரு கையெழுத்துக்கு மறுத்த பொய்யை நான் பத்து மாதத் தொடராக எழுதியிருக்கிறேன். இதில் யார் சாமிக்குப் பயந்தவர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பால் காய்ச்சுகிற போட்டோ வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா? அது எங்கள் வீட்டு அடுப்பு, எங்கள் வீட்டுப் பால். முகம் தெரியாமல் கையை மட்டும் எடுத்தோம். கை ராகினியுடையது. அதைப் பார்த்து, “கையே லட்சணமாக இருக்கிறது, நல்ல குடும்பத்துப் பிள்ளை” என்று பதில் போட்டீர்கள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நீங்கள் ராகினியைப் பாராட்டியது அது ஒன்றுதான். அந்தச் செய்தியை அவள் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு மீனாட்சிக்கு என்று அனுப்பிய நீலச் சேலையும் அவளிடம்தான் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

இனி மூக்கு விஷயம். வீட்டைக் கொடுத்துவிட்டேனே தவிர எனக்கு நிம்மதி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன வேகிறதோ என்ற நினைப்பிலேயே இரவும் பகலும் போயிற்று. ராகினி தேங்காய்ப்பால் காய்ச்சினாலும் எனக்கு ஆட்டு வாடை அடித்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை நடைபாதையில் ஏதோ காரமான நெடி. இன்றைக்கு மாட்டிக்கொண்டாள் என்று போய்க் கம்பியில் மூக்கை விட்டேன். பின்னால் குரல் கேட்டது. “அண்ணே, வீட்டுல யாரும் இல்லையே. என்ன தேடறீங்க?”

பாசாரில் இருந்து இரண்டு கையிலும் பையோடு வந்து நிற்கிறாள். கம்பியில் இருந்து மூக்கை எடுக்கிற அவசரத்தில் கண்ணாடி கழன்று உள்ளே விழுந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் எனக்கு முன்னால் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. தூணைப் பார்த்து, “கேஸ் கசியுதோன்னு பாத்தேன்” என்றேன். அவள் கதவைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, முக்காட்டு நுனியால் துடைத்துக் கொடுத்தாள். “உள்ள வாங்க. சமையக்கட்டப் பாத்துட்டுப் போங்க. பாக்காம உங்களுக்குத் தூக்கம் வராது” என்றாள். நான் போயிருக்கக் கூடாது. போனேன்.

அக்கா, நம் அம்மா இருந்தபோதுகூட அந்தச் சமையலறை அப்படி இருந்ததில்லை. அடுப்பு ஜில்லென்று கிடந்தது. “இன்னிக்கி மீன் வாங்கியிருக்கேன்” என்று பையைக் காட்டினாள். “ஒளிச்சு வச்சு சமைக்க மாட்டேன். வீச்சம் உங்களுக்குச் சிரமம்னு தெரியும். எத்தன மணிக்கு சமைக்கிறேன்னு ராகினி அக்காகிட்ட சொல்லிட்டே செய்றேன்.” அப்போதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்த சமையலறை ஜன்னலை இறுக்க மூடி, இடுக்கில் துணி வேறு திணித்து வைத்திருந்தாள். பினாங்கு வெயிலில், அந்தப் பொட்டு இடத்தில், மூடிய ஜன்னலோடு ஒரு மனுஷி சமைக்கிறாள். நெற்றியில் வியர்வை அரும்பி நிற்கிறது. தன் வீட்டு வாசம் நம் பூஜை அறைக்கு வந்துவிடக் கூடாதே என்று! அன்றிலிருந்து ஒன்பது மாதம் ஆகிறது, அந்த ஜன்னல் ஒருநாளும் திறந்ததில்லை. உங்களுடைய பதினாலு நிபந்தனையிலும் இல்லாத நிபந்தனை அது. நாம் கேட்காமல் அவளாக வைத்துக்கொண்டது. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அதன்பிறகு நான் மூக்கை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். ராகினியும் அவளும் நெருங்கிவிட்டார்கள். நம் மாடியில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது இப்போது எனக்கு முன்னாலேயே அவர்கள் இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் ஒரு மிடறு குடித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் அப்பாவின் திவசம். அதற்கு இரண்டு நாள் முன்னால் ராகினி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. (பயப்பட வேண்டாம், ஆறு வாரத்தில் சரியாகிவிடுமாம். இதையும் உங்களிடம் மறைத்தேன், மொத்தமாக மன்னித்துவிடுங்கள்.) வழக்கமாகச் சமைத்துக் கொடுக்கும் கோயில் சமையல்காரருக்கு அன்று கல்யாண வேலை. வருகிறவர்கள் இருபத்திரண்டு பேர். எனக்குத் தெரிந்த சமையல் சுடுதண்ணீர். ராகினி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “இஞ்சாருங்கோ, மாமாவுக்கு ஒரு பிடி சோறு ஒழுங்காப் போட ஏலாமப் போச்சே” என்று அழுதாள். சுவர் மெல்லியது. பத்து நிமிடத்தில் ஷாஹிரா வந்துவிட்டாள்.

“நான் சமைக்கிறேன் அக்கா. அத்தா கடையில நாப்பது பேருக்குச் சமைச்ச கை இது” என்றாள். ராகினி என்னைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன். எப்படிச் சொல்வது என்று இருவரும் முழிக்கிறோம். அவளே தொடர்ந்தாள். “ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. படையலுக்கு நான் செய்ய முடியாது. எங்க மார்க்கத்துல அது ஆகாது. வர்றவங்க சாப்பாட்டுக்கு மட்டும் செய்யறேன்.” ராகினிக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! “அம்மாடி, படையலுக்கு உன்ன நாங்களும் கேக்க ஏலாது. அத எப்பிடி உன்னட்டச் சொல்றதெண்டுதான் முழிச்சுக்கொண்டு நிக்கிறம்” என்றாள். அழுத கண்ணோடு இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளும் செய்யக் கூடாது, ராகினியாலும் முடியாது என்றால் படையலை யார் சமைப்பது?

நான் சமைத்தேன் அக்கா. நம் அப்பாவுக்கு.

எங்கள் அடுப்பில் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள், நடுவில் நாற்காலியில் ராகினி இடது கையால் ஆட்சி நடத்தினாள். ஷாஹிரா வெங்காயம் பூண்டு போடலாமா என்று அவளாகவே கேட்டாள், கூடாது என்றதும் கூடையோடு வெளியே வைத்தாள். படைக்குமுன் ருசி பார்க்க மாட்டோம் என்று ராகினி சொன்னதும், தன்னுடையது படையல் இல்லை என்றாலும் ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை. கண்ணால் உப்புப் போட்டாள். ராகினியின் யாழ்ப்பாணத் தூள் டப்பாவைத் திறந்தபோது மட்டும் பாவம், நாலைந்து தும்மல். மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, நான் நிறுத்திவிட்டேன். அவளுடைய பூசணிக்காய்க் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் அடுப்பில் மணக்க மணக்க, இந்தப் பக்கம் என் பருப்பு அடிப்பிடித்தது, என் பாயசம் கட்டியாகிக் கரண்டியோடு எழுந்து வந்தது. அப்பா உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். படத்தில் இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

படையல் முடிந்து பந்தி உட்கார்ந்த நேரம், தொழுதுவிட்டு வருகிறேன் என்று ஷாஹிரா வீட்டுக்குப் போனாள். முதல் வரிசையில் நம் சைவ சங்கத்துக் கந்தப்பு மாமா. புதுப் பல்செட் கட்டியிருக்கிறார், எதைச் சாப்பிட்டாலும் குதிரை ஓடுகிற சத்தம் வருகிறது. பூசணிக்காயை மூன்று தடவை கேட்டு வாங்கினார். நாலாவது தடவை இலையைத் தட்டி, “தம்பி, உது எங்கட ஆக்களின்ர கை. வேற ஆக்கள் ஆக்கினா உந்தப் பதம் வராது. ஆர் சமைச்சது, கூப்பிடு பாப்பம்” என்றார். நான் வாயைத் திறக்குமுன் ஜன்னத், “எங்க உம்மா!” என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டது.

ஷாஹிரா தொழுகை முடித்து எழுந்த கையோடு வந்துவிட்டாள். தலை முதல் கால் வரை வெள்ளைத் தொழுகை அங்கி. ஏதோ ஆபத்து என்று நினைத்து ஓடி வந்தவள் வாசலில் நின்றாள். பந்தி முழுக்க அசையவில்லை. வழக்கம்போல ஒரு பொய் சொல்லலாம் என்று என் மூளை தேடியது. அந்த உடையில் வந்தவளை எந்த மீனாட்சி என்று சொல்வது?

மாமா மெதுவாகக் கேட்டார். “உவ ஆர்?” அவளே பதில் சொன்னாள். “நான் ஷாஹிரா, ஐயா. பக்கத்து வீடு.” மீனாட்சி புராணம் அவர் காது வரைக்கும் போயிருந்தது, மாமா என்னைப் பார்த்தார். “அப்ப வயலின் வாசிக்கிற மீனாட்சி எங்க?” ராகினி தலையைக் குனிந்துகொண்டாள். வயலின் வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன்.

மாமா இலையில் இருந்து கையை எடுத்துவிட்டார். “என்ன தம்பி இது? கொப்பரின்ர திவசத்தில...” என்று தொடங்கினார். நான் எழுந்து நின்று, “மாமா, பொய் சொன்னது நான். சமைச்சது மட்டுந்தான் அவ. கோபமெல்லாம் எனக்கு” என்றேன். வீரமாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். பூனை கத்தியதுபோல் இருந்தது என்று ராகினி பிறகு சொன்னாள்.

ஆனால் அன்று அந்த வீட்டில் ஒழுங்காகப் பேசியது ஷாஹிராதான். “ஐயா, படையல் அண்ணன் கையால செஞ்சது. நான் அதத் தொடவே இல்ல, தொடவும் மாட்டேன். இலையில இருக்கறதுதான் நான் செஞ்சது. உங்களுக்கு மனசு ஒப்பலன்னா வச்சிடுங்க, நான் சங்கடப்பட மாட்டேன். எங்க அத்தாவும் இப்படித்தான். வெளியில போனா தண்ணி குடிக்கறதுக்கு முன்னாலயும் நூறு கேள்வி கேப்பாங்க. எண்ணெய் என்ன, சட்டி யாருது, கரண்டி வேற எதுலயும் பட்டுச்சான்னு. ஒருதரம் தெரியாம எதையோ சாப்பிட்டுட்டு மூணு நாளு முகங்கொடுத்துப் பேசல. உங்களுக்கு இப்ப வயித்துல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் ஐயா. அதனாலதான் ஒவ்வொண்ணையும் அக்காவக் கேட்டுக் கேட்டு செஞ்சேன்.”

அவளைக் குறைவாக நினைத்து எழப் போன மனிதரை, அவருடைய வயிற்றுக்குள் போய் நின்று பார்த்தாள் அக்கா. எனக்கு அது தோன்றவே தோன்றியிருக்காது.

மாமா பல்செட்டை நாக்கால் ஒருதரம் சரிசெய்தார். பிறகு, “கரண்டியும் கேப்பாரோ?” என்றார். “கரண்டிதான் முதல்ல ஐயா.” “நானும் கரண்டிதான் முதல்ல கேப்பன்” என்றார் மாமா. “சங்கத்தில என்னைப் பைத்தியம் எண்டு சொல்லுறாங்கள்.” அதன்பிறகு இருவரும் எண்ணெய், நெய், கேக்கில் போடும் ஜெலட்டின் என்று பேசிக்கொண்டே போனார்கள். உலகத்தில் தன்னைப்போல் இன்னொரு சந்தேகப்பிராணி சூலியா தெருவில் இருக்கிறார் என்று தெரிந்ததில் மாமாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. நடுவில் கை தானாக இலைக்குப் போய்விட்டது. எழுந்திருக்கும்போது என்னைப் பார்த்து, “அதுதானே பாத்தன். பிரசாதமெண்டு தந்த பாயசம் மட்டும் ஏன் சீமெந்து மாதிரிக் கிடக்கெண்டு” என்றார்.

ஆனால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “பிள்ளை நல்ல பிள்ளை. நீதான் சரியில்ல. இந்த மாசம் முடியிறதுக்குள்ள யோகத்துக்கு நீ எழுதாட்டி நான் எழுதுவன்” என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் எழுதினால் எப்படி எழுதுவார் என்று தெரியும், அதனால் முந்திக்கொண்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளக் கடிதம் வந்திராது. எல்லோரும் போன பிறகு ஷாஹிரா என்னிடம் மீனாட்சி யார் என்று கேட்டாள். சொன்னேன். வயலின் வரைக்கும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அப்ப பத்து மாசமா நான் வேற ஒருத்தி பேருலயா குடியிருந்தேன்? என் பேரச் சொல்ல முடியாத வீட்டுல நான் எதுக்கு அண்ணே இருக்கணும்?” என்றாள். சத்தம் போடவில்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வாசலில் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறாள். ஜன்னத் அதில் ஒன்றுக்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தது. உங்களிடம் உண்மையைச் சொல்லி, உங்கள் சம்மதம் அவள் பெயருக்கே வந்தால் இருப்பாளாம். இல்லையென்றால் டிசம்பரில் ஏழாவது வீடு தேடப் போவாளாம்.

அக்கா, உங்களுக்குப் புத்தி சொல்கிற வயதோ யோக்கியதையோ எனக்கு இல்லை. உங்கள் சைவத்தை விடச் சொல்லவில்லை. நானும் விடவில்லை, அவளும் அவளுடையதை விடவில்லை. அவரவர் கரண்டி அவரவர் சட்டியில்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் சாமி படங்களுக்கு இடம் பண்ண அம்மாவின் பெட்டியை நகர்த்தியபோது அடியில் ஒரு நீலக் கடிதம் கிடைத்தது. 1979 மார்ச், நீங்கள் நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போன முதல் வருடம். நாலு வரியை மட்டும் பார்த்து எழுதுகிறேன்.

“நீங்கள் அனுப்பிய தூளைப் போட்டு ஒரேயொரு நாள் உருளைக்கிழங்குக் கறி வைத்தேன் அம்மா. வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். என்னைப் பற்றி அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது. கேட்கவும் இல்லை.”

எனக்கு அப்போது பத்து வயது. அம்மா அதைப் படித்துவிட்டு அன்று சமைக்கவில்லை, நாங்கள் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், தைப்பூசத்துக்கு வரும்போது தருகிறேன்.

ஒரேயொரு உதவி கேட்கிறேன். பதில் எனக்கு எழுத வேண்டாம். என்னைத் திட்டுவதற்குப் போன் போதும். இரண்டு வரி அவளுக்கு எழுதுங்கள். சரி என்றாலும் எழுதுங்கள், இல்லை என்றாலும் எழுதுங்கள். உறைமேல் அவள் பெயரை நீங்களே உங்கள் கையால், ஷாஹிரா என்று முழுதாக எழுதுங்கள். அந்த வீட்டு முகவரியில் அந்தப் பெயருக்கு ஒரு கடிதம் வரட்டும். தபால்காரர் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். மிச்சத்தை அம்மாவின் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவருக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை.

உங்கள் முழங்காலுக்கும் எங்கள் ராகினியின் கைக்கும் அவரே துணை.

என்றும் உங்கள் திட்டுக்குப் பாத்தியப்பட்ட தம்பி,
யசோதரன்

பி.கு.: ராகினி உங்களை நலம் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இடது கையாலேயே நேற்று தூள் வறுத்து உங்களுக்கு அரைக் கிலோ கட்டியிருக்கிறாள், தனிப் பொட்டலமாக வருகிறது. அவள் சனிக்கிழமை தோறும் வறுப்பதுதான், சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் இப்போது எங்கள் வீட்டுத் தூள்தான்.

இன்னொன்று. கடிதத்தை ஒட்டப் போகும்போது ஷாஹிரா நடைபாதையில் நின்றாள். உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், அவள் நமக்காக மூடி வைத்திருக்கும் ஜன்னலைப் பற்றித்தான் விசேஷமாக ஒரு பத்தி எழுதியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. அட்டைப்பெட்டிக்குள் இருந்த ஜன்னத்தான் சொன்னது: “தாத்தா, ஜன்னலத் திறந்தா உங்க வீட்டுத் தூள் நாத்தம் வந்து எனக்கு இருமலா வருது. அதான் உம்மா மொத நாளே துணி வச்சு அடைச்சிட்டாங்க.”